யப்பான் மீனும் ஓரநீரும்

சொறிக்கல்முனையைச் சூழ்ந்த வயற்புறங்களில், வாய்க்கால்களிலும் குளங்களிலும் கமக்காரர் நன்கறிந்த மீன்களுள் யப்பான் மீனும் ஒன்றாகும். பெயர் அவ்வாறிருப்பினும் அதன் தாயகம் தென்கிழக்கு ஆபிரிக்காவாகும். 1952 ஆம் ஆண்டளவில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. மொசாம்பிக் திலாப்பியா என்பது நூல்களில் வழங்கும் பெயர். பாசி, நீர்ப்பூண்டு, மக்கிய இலைதழை, நீர்ப்பூச்சி ஆகியன அதன் உணவு.

சாதாரண காலத்தில் இம்மீன் சாம்பல் நிறமுடையது. இனப்பெருக்கக் காலத்திலோ ஆண்மீனின் உடல் கருமையடையும், கீழ்த்தாடை வெளுக்கும், செட்டைகளின் விளிம்பு சிவக்கும். அது கரையோரத்து ஆழமற்ற நீரில், வாயினால் மண்ணை அகற்றி வட்டக்குழி அமைக்கும். பெண்மீன் அக்குழியில் முட்டையிட்டு, அவற்றை உடனே தன் வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். சில நாட்களிற் குஞ்சு பொரிக்கும். அபாயம் நேரும்போது குஞ்சுகள் தாயின் வாய்க்குள் மீண்டும் புகுந்துகொள்ளும். பின்னர் அவை பெருமீன்கள் வரவியலாத ஓரநீரிற் கூட்டமாய் மேயும்.

வயலினின்று வடியும் நீரும் அவ்வோரத்திலேயே முதலிற் சேர்கின்றது. ஆகவே, கமக்காரர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் வேண்டும்:

1. வயலுக்கோ கத்தரி, மிளகாய்த் தோட்டத்துக்கோ பூச்சிநாசினி தெளித்தபின், தெளிகருவியை வாய்க்காலிலும் குளத்திலும் கழுவலாகாது. மருந்து தெளித்த வயலின் நீரை உடனே வடிய விடலாகாது.

2. நஞ்சினால் இறந்து மிதக்கும் மீனை உண்ணலாகாது, விற்கவுமாகாது.

3. வீட்டுக் குளத்தில் இம்மீன் அளவுகடந்து பெருகினால், இரையும் இடமும் போதாது யாவும் சிறுத்துவிடும். ஓரத்திற் கூடும் குஞ்சுகளைச் சிறுகண் வலையால் அவ்வப்போது அரித்தெடுத்துத் தொகையைக் குறைத்தல் வேண்டும். எஞ்சியவற்றுக்கு அரிசித் தவிடு இடலாம்.

4. அரித்த குஞ்சுகளை ஆற்றிலோ களப்பிலோ விடலாகாது. அவை உள்ளூர் மீன்களின் இரையையும் இடத்தையும் கவர்ந்துகொள்ளும்.

5. குளம் வற்றியபின் அடிச்சேற்றை அள்ளித் தோட்டத்துக்கு உரமாக இடலாம்.

வாயில் முட்டை சுமக்கும் ஒரு தாய்மீன் நஞ்சுண்டு மடியுமாயின், அதனோடு அத்தலைமுறை முழுவதும் மடியும். அந்நீரையே கால்நடையும் குடிக்கின்றது. பிள்ளைகளும் அதிற் குளிக்கின்றனர். ஓரநீரில் மீன்குஞ்சு உயிரோடு திரிதல் கமக்காரருக்கு நற்குறியாகும். திடீரென அவை மடிந்து மிதப்பின் நீரைச் சந்தேகித்தல் வேண்டும்.