எண்ணெய் குடிக்கும் பழைய கார்: நோயறிந்து மருந்து செய்வோம்

தோட்டத்தில் வாழ்வோருக்குக் கார் ஆடம்பரப் பொருளன்று. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பட்டணத்துச் சந்தைக்கும் செம்பனைக் காடுகளைக் கடந்து பல கிலோமீட்டர் செல்லவேண்டியுள்ளது. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் பேருந்தை எதிர்பார்த்து நிற்க இயலாது. 1985-ஆம் ஆண்டில் அறிமுகமான புரோட்டோன் சாகா, 1994-ஆம் ஆண்டில் வந்த பெரோடுவா கஞ்சில் போன்ற கார்களைச் சிலர் இன்றும் பேணிக் காத்து ஓட்டுவதற்கு இத்தேவையே காரணமாகும்.

இத்தகைய கார் 200,000 கிலோமீட்டரைக் கடந்ததும் ஒரு முறையீடு எழுகிறது: "கார் எண்ணெய் குடிக்கிறது." பேச்சு வழக்கில் நாம் பெட்ரோலையும் எண்ணெய் என்கிறோம், எஞ்சினுக்குள் ஊற்றும் மசகு எண்ணெயைக் கறுப்பு எண்ணெய் என்கிறோம். ஆகவே, இம்முறையீட்டைக் கேட்டவுடன் நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி, "எந்த எண்ணெய்?" என்பதே. பெட்ரோல் அதிகம் செலவாவது ஒரு நோய். கறுப்பு எண்ணெய் குறைவது மற்றொரு நோய். சில கார்களில் இரண்டிற்கும் வேர் ஒன்றாக இருக்கலாம். பல கார்களில் அவை வெவ்வேறானவை. இவ்வேறுபாட்டை அறியாமல் எஞ்சினைப் பிரித்துப்போட்டு, ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணத்தை இழந்தபின்னும் குறை தீராமல் வருந்துவோர் உண்டு. அந்நிலை வாசகர்களுக்கு நேராதிருக்க, நோயறியும் முறையைப் படிப்படியாகக் காண்போம்.

முதற்படி: அளந்து பார்த்தல்

ஐயத்தை அளவாக மாற்றுவதே முதல் வேலை. இதற்கு ஒரு சிறு குறிப்புப் புத்தகம் போதும்.

பெட்ரோலை அளக்க, தொட்டியை முழுமையாக நிரப்பி, ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்க. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஓடியபின், இயன்றவரை அதே நிலையத்தில் மீண்டும் நிரப்புக. ஓடிய தூரத்தை இரண்டாம் முறை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் விடை கிடைக்கும். 300 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் என்றால், லிட்டருக்கு 10 கிலோமீட்டர். ஒருமுறை அளந்ததை நம்பாமல் மூன்று முறை அளந்து சராசரி காண்பது நலம்.

கறுப்பு எண்ணெயை அளக்க, காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் பொறுத்திருக்கவேண்டும். எண்ணெய் அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்க்கவேண்டும். மேற்கோடு வரை எண்ணெய் ஊற்றி, 1,000 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் அதே கோட்டிற்குக் கொண்டுவர எவ்வளவு தேவைப்படுகிறது என்பதை அளவுக் குவளையால் அளக்கலாம். பழைய எஞ்சின் சிறிதளவு எண்ணெயைச் செலவிடுவது இயல்பே. 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் என்பதை உச்ச வரம்பாகக் கூறும் கையேடுகளும் உள்ளன. எனினும், செலவு மாதத்திற்கு மாதம் ஏறிவருமானால் காரணத்தைத் தேடியாகவேண்டும்.

கறுப்பு எண்ணெய் போகும் வழிகள்

எண்ணெய் எஞ்சினைவிட்டு இரண்டு வழிகளில் வெளியேறும்: ஒன்று, கசிவு, மற்றொன்று, உள்ளே எரிதல்.

கசிவைக் கண்டறிய, எஞ்சினின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு, இரவில் காருக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைக்கலாம். காலையில் அட்டையில் விழுந்த துளிகள், எஞ்சினின் எப்பகுதியிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது என்பதைக் காட்டும். வால்வு மூடியின் கேஸ்கெட், எண்ணெய் வடிகட்டி, எண்ணெய்த் தொட்டியின் விளிம்பு, கிராங்க் தண்டின் முன்பின் ஆயில் சீல்கள் ஆகியவை கசிவு வழக்கமாகத் தோன்றும் இடங்கள். கசிவு மட்டுமே காரணமெனில், எஞ்சினின் உட்பகுதியைப் பிரிக்கும் தேவையே எழாது.

கசிவு இல்லையெனில், எண்ணெய் எரிகின்றது என்று பொருள். அதற்கு மூன்று முக்கியக் காரணங்கள் உள்ளன.

முதலாவது, எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மீண்டும் காற்றுக் குழாய்க்கு அனுப்பும் பீ.சி.வி. வால்வு பழுதாவது. அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் எண்ணெயும் ஆவியுடன் உறிஞ்சப்பட்டு எரியும். அடைத்துக்கொண்டாலோ, உள்ளே அழுத்தம் மிகுந்து சீல்கள் வழியே எண்ணெய் பிதுங்கும். பல கார்களில் இவ்வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கலகலவென ஒலிக்கவேண்டும். இது விலை குறைந்த உதிரிப் பாகம். ஆகவே இதனை முதலில் சோதிக்கவேண்டும்.

இரண்டாவது, வால்வுத் தண்டின் ரப்பர் சீல்கள் வெப்பத்தால் இறுகிப்போவது. இரவெல்லாம் நின்ற காரில், எண்ணெய் வால்வுத் தண்டின் வழியே மெல்ல இறங்கித் தேங்கும். காலையில் எஞ்சினை இயக்கியதும் ஒரு கொத்து நீலப்புகை வந்து, சிறிது நேரத்தில் மறையும். கேமரன் மலையிலிருந்து தாப்பாவை நோக்கி எஞ்சினின் பிடிப்பிலேயே நெடுந்தூரம் இறங்கி, பின் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது நீலப்புகை எழுவதும் இதன் அறிகுறியே.

மூன்றாவது, பிஸ்டன் ரிங்குகள் தேய்வது, அல்லது கரி படிந்து சிக்கிக்கொள்வது. இந்நோயில் நீலப்புகை காலையில் மட்டும் வந்து மறையாது. மேட்டில் ஏறும்போதும் வேகமெடுக்கும்போதும் தொடர்ந்து வரும். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்தால், காற்று வேகமாகப் புஸ்புஸ்ஸென வெளியேறும்.

புகையின் நிறத்தையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும். நீலப்புகை கறுப்பு எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை பெட்ரோல் அளவுக்கு மீறிச் செல்வதைக் காட்டும். குளிர்ந்த காலையில் வெண்புகை வந்து மறைந்தால் அது வெறும் நீராவி. மறையாத வெண்புகையோடு ரேடியேட்டர் நீரும் குறைந்துவந்தால், சிலிண்டர் தலையின் கேஸ்கெட் பழுதாகியிருக்கக்கூடும்.

தீர்ப்புக் கூறும் சோதனை

வால்வு சீலா, ரிங்கா என்பதை ஊகத்தால் முடிவு செய்யலாகாது. அழுத்தச் சோதனையே இதற்குத் தீர்ப்புக் கூறும். பட்டறையில் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றுவார்கள். கிடைக்கும் அளவுகளை அந்த எஞ்சினுக்குரிய கையேட்டின் அளவோடு ஒப்பிடவேண்டும். சிலிண்டர்களுக்கிடையே பெரும் வேறுபாடு இருக்கலாகாது.

ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைந்திருந்தால், அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் சோதிப்பார்கள். அழுத்தம் நன்கு உயர்ந்தால், ரிங்குகள் தேய்ந்துள்ளன எனக் கொள்ளலாம். ஊற்றிய எண்ணெய் இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்ததே உயர்வுக்குக் காரணம். உயராவிட்டால் வால்வுகளையோ கேஸ்கெட்டையோ ஐயுறவேண்டும். அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் மட்டும் குறைவு காணப்பட்டால், அவற்றிற்கிடையே கேஸ்கெட் பழுதாகியிருக்க வாய்ப்பு மிகுதி.

இச்சோதனை செய்யாமல் எஞ்சினை முழுவதும் பிரிக்க எவர் கூறினும் உடன்படவேண்டாம். அளவுகளை எழுதித் தரும்படி கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

பெட்ரோல் வீணாகும் வழிகள்

பெட்ரோல் செலவுக்குக் காரணத்தை எஞ்சினுக்கு வெளியிலிருந்தே தேடத் தொடங்கவேண்டும்.

டயரில் காற்றுக் குறைந்தால் கார் உருளச் சிரமப்படும். டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளக்கவேண்டும். உரிய அளவு, ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருப்பது வழக்கம். அடுத்து, பிரேக். ஓட்டி வந்து நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுசென்று பார்க்கவேண்டும், உலோகத்தைத் தொடவேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் மிகச் சூடாக இருந்தால், அதில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது எனலாம். கைப்பிரேக்கும் இவ்வாறே பிடித்துக்கொள்வதுண்டு.

செம்மண் சாலையில் ஓடும் காரின் காற்று வடிகட்டி விரைவில் அடைபடும். குறிப்பாகக் கார்புரேட்டர் எஞ்சினில் இதனால் பெட்ரோல் மிகும். கார்புரேட்டரின் சோக் மூடியபடி சிக்கிக்கொண்டாலும் பெட்ரோல் வெள்ளமாகச் செல்லும். தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டால் எஞ்சின் உரிய சூட்டை அடையாது; நெடுஞ்சாலையிலும் வெப்பமானி முள் வழக்கமான இடத்திற்கு ஏறாமலிருப்பதே அதன் அறிகுறி. கிளட்ச் வழுக்கினால் எஞ்சினின் இரைச்சல் உயரும், வேகம் உயராது. மின்னணு முறையில் பெட்ரோல் செலுத்தும் பிற்காலக் கார்களில் ஆக்ஸிஜன் உணரியும் வெப்ப உணரியும் பழுதடைவதுண்டு. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், பிழைக் குறியீட்டைக் கருவியால் படித்த பின்னரே பாகம் மாற்றவேண்டும்.

பிளக்குகளும் சாட்சி கூறும். நுனி இளம்பழுப்பாக இருந்தால் எரிப்புச் சீராக உள்ளது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. ஈரமும் மினுக்கும் கொண்ட கறுப்புப் படிவு இருந்தால் கறுப்பு எண்ணெய் உள்ளே வருகிறது.

ஒரு நோய் மற்றொன்றை வளர்ப்பது

இவ்விரு நோய்களும் தொடக்கத்தில் வேறாக இருப்பினும், கவனியாது விட்டால் ஒன்றையொன்று வளர்க்கும். பிளக்கில் எண்ணெய் படிந்தால் தீப்பொறி தவறி, பெட்ரோல் எரியாமலே வெளியேறும். ரிங்குகள் தேய்ந்தால் அழுத்தம் குறைந்து, அதே வேலைக்கு அதிகப் பெட்ரோல் தேவைப்படும்.

மறுபுறம், மிகுதியாகச் செல்லும் பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிட்டுக் கீழிறங்கிக் கறுப்பு எண்ணெயை நீர்க்கச் செய்யும். ரிங்குகள் விரைந்து தேயும். அளவுக் கம்பியில் பெட்ரோல் வாடை வீசுவதும், எண்ணெய் குறையாமல் கூடுவதுபோல் தோன்றுவதும் இதன் அடையாளம். வீட்டிலிருந்து பெரட்டுக் களம்வரை மட்டுமே ஓடி, சூடேறுமுன் அணைக்கப்படும் கார்கள் இதற்கு எளிதில் ஆளாகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு

214,000 கிலோமீட்டர் ஓடிய பழைய சாகா ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பு லிட்டருக்கு 12.5 கிலோமீட்டர் ஓடியது. இப்போது 10 கிலோமீட்டர். 1,000 கிலோமீட்டருக்கு 800 மில்லிலிட்டர் கறுப்பு எண்ணெய் குறைகிறது. காலையில் நீலப்புகை. "எஞ்சினை முழுதும் பிரிக்கவேண்டும்" என்பது முதல் ஆலோசனை.

முறைப்படி சோதித்தபோது கசிவு இல்லை, பீ.சி.வி. வால்வு நன்றாக உள்ளது. நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றாகவும், கையேட்டின் அளவுக்குள்ளும் இருக்கிறது. ஆகவே ரிங்குகளைக் குற்றஞ்சாட்ட இடமில்லை. காலைப் புகையும் வால்வு சீல்களையே சுட்டுகிறது. பல எஞ்சின்களில் சிலிண்டர் தலையைக் கழற்றாமலே இச்சீல்களை மாற்றலாம்.

ஆனால் வால்வு சீல் பழுது அழுத்தத்தைக் குறைப்பதில்லை. எனவே பெட்ரோல் செலவுக்கு வேறு காரணம் இருந்தாகவேண்டும். தேடியதில் பின்சக்கரம் ஒன்றில் பிரேக் பிடித்துக்கொண்டிருந்ததும், டயர்களில் காற்றுக் குறைந்திருந்ததும் தெரியவருகின்றன. எஞ்சினை முழுதும் பிரித்திருந்தாலும் இவ்விரு குறைகளும் அப்படியே இருந்திருக்கும்!

இழப்பையும் கணக்கிடுவோம். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடினால் முன்பு 96 லிட்டர். இப்போது 120 லிட்டர். மிகை 24 லிட்டர். 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் பூடி 95 திட்டம் தொடங்கியபோது, தகுதி பெற்றோருக்கு ரோன் 95 பெட்ரோலின் விலை லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசாக இருந்தது. 2 வெள்ளி என வைத்துக்கொண்டாலும் மாதம் 48 வெள்ளி, ஆண்டுக்கு 576 வெள்ளி வீணாகிறது. பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு அத்தொகை எத்துணை உதவும்!

செய்யத் தகாதவை

புகையை மறைக்க மிகக் கெட்டியான எண்ணெயை ஊற்றுவது நோயை ஒளிப்பதேயன்றித் தீர்ப்பதாகாது. கையேடு அனுமதிக்கும் தரத்திற்குள்ளேயே தேர்ந்தெடுக்கவேண்டும். மேற்கோட்டிற்கு மேல் எண்ணெய் ஊற்றுவதும் தவறு. மிகுந்த எண்ணெய் கிராங்க் தண்டால் அடிக்கப்பட்டு நுரைக்கும்.

எண்ணெய் அழுத்தத்தைக் குறிக்கும் சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தால் உடனே நிறுத்தவேண்டும். வீடு அருகில்தானே என்று மேலும் ஒரு கிலோமீட்டர் ஓட்டினால், எஞ்சினே பாழாகலாம். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பதும், ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் நுழைவதும் உயிருக்கு ஆபத்து.

வடித்த கறுப்பு எண்ணெயைக் கால்வாயில் ஊற்றலாகாது. 2005-ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி அது அட்டவணையிடப்பட்ட கழிவு. முறையாகச் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படைக்கவேண்டும்.

முடிவாக

முதலில் அளத்தல், பின் கசிவு, பீ.சி.வி. வால்வு, டயர், பிரேக், வடிகட்டி, பிளக் என விலை குறைந்தவற்றைப் பார்த்தல். அதன்பின் அழுத்தச் சோதனை. எஞ்சினைப் பிரிப்பது இறுதியாக. ரிங்குகள் தேய்ந்ததே உண்மையென்று சோதனை காட்டினால், செப்பனிடும் செலவையும் காரின் மதிப்பையும் குடும்பத்தாரோடு கலந்து முடிவு செய்யலாம். அதுவரை வாரந்தோறும் அளவுக் கம்பியைப் பார்த்து எண்ணெய் விட்டு ஓட்டினால், நீலப்புகை விடும் காரும் பல காலம் உழைக்கக்கூடும். எனினும் எண்ணெய் தீர்ந்துபோன எஞ்சின், எவ்வளவு புதியதாயினும், சில நிமிடங்களில் அழியும்.

இன்று மாலையே காரைச் சமதரையில் நிறுத்தி, அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். குறிப்புப் புத்தகத்தின் முதல் வரியை அங்கிருந்து தொடங்குங்கள்.