அந்தமான் சிறைக்குப் போறியா, தங்கச்சி?

டிக்கெட்டுல ஸ்ரீ விஜயபுரம்னு இருந்தா குழம்பாத. போர்ட் பிளேருக்கு 2024-ல மாத்தின பேர் அது.

செல்லுலார் சிறைக்கு எந்த நாள் லீவுன்னு முன்னாடியே விசாரிச்சுக்கோ. மத்தியானமும் கொஞ்ச நேரம் பூட்டிருவாங்க, அதனால காலையிலேயே போயிரு. மாடிப்படி ஏற முடியாதுன்னா அத்தையைக் கீழ நிழல்ல உக்கார வை. அங்க நம்மூரைவிடச் சீக்கிரமே இருட்டிரும், சாயங்கால ஒளி-ஒலிக் காட்சிக்கு டிக்கெட்டை முன்னாடியே எடுத்து வச்சுக்கோ.

1906-ல கட்டி முடிச்சப்போ ஏழு சிறகு, இப்போ மூணுதான் மிச்சம். அறைக்குள்ள போனா முதல்ல தாழ்ப்பாளைப் பாரு. நீளமான கம்பி, சுவத்துல குடைஞ்ச மாடத்துக்குள்ள போய் முடியும், பூட்டு அங்க. உள்ள இருந்து கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டாது. தம்பிப்பயலை நீட்டிப் பாக்கச் சொல்லு, நீ சொல்லி விளக்கவே வேண்டாம். அப்புறம் வராந்தாவுல நின்னு எதிர்ல பாரு, அடுத்த சிறகோட முதுகுதான் தெரியும். ஒரு கைதி இன்னொரு கைதி முகத்தைப் பாத்துரக் கூடாதுன்னே கட்டியிருக்கான். தூக்குமேடைக்கிட்ட மட்டும் செல்ஃபி வேண்டாம்மா.

எல்லாரும் வெள்ளைக்காரன் காலத்துக் கதையோட திரும்பிருவாங்க. நீ ஜப்பான்காரன் காலத்தையும் கேளு. 1942 மார்ச்சுல தீவைப் பிடிச்சவங்க, 1945 வரைக்கும் இதே அறைகள்ல நம்ம ஆட்களைத்தான் அடைச்சு வதைச்சாங்க. 1943 டிசம்பர் 30-ல நேதாஜி போர்ட் பிளேர்ல கொடியேத்தினாரே, அன்னிக்கு டாக்டர் திவான் சிங் இந்தச் சிறைக்குள்ள கிடந்தார். பஞ்சாபிக் கவிஞர் அவர். 1944 ஜனவரி 14-ல சித்திரவதையிலேயே செத்துப்போனார். அதை நினைச்சா எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்குது.

சிறைபிடிச்ச கதை நம்ம புன்னக்காயலுக்கும் உண்டு. அங்க போர்ச்சுகீசியர் கோட்டை இருந்துச்சு. 1553-ல ஊரைத் தாக்கினவங்க பாதிரியார் அண்டிரிக் அடிகளாரையே சிறைபிடிச்சாங்க. அந்தக் கோட்டை இப்போ இல்ல, பிள்ளைகளுக்குக் காட்ட நமக்கு ஒண்ணுமில்ல. ஆனா அந்தமான் சிறையை 1979-ல தேசிய நினைவுச்சின்னமாக்கிக் காப்பாத்தி வச்சிருக்காங்க, அதனால ஓடி ஓடிப் பாக்காத. கல்வெட்டுல உள்ள பேர்களைப் பிள்ளைகளை வாய்விட்டு வாசிக்கச் சொல்லு.

ஒரு அரைநாள் மிச்சம் வை. ஹம்ஃப்ரிகஞ்சுல 1944 ஜனவரி 30-ல ஜப்பான்காரங்க 44 பேரைச் சுட்டுக் கொன்னாங்க, நினைவிடம் இருக்கு. ஊருக்கு வெளிய, அதனால வண்டி வாடகையைப் போக வரப் பேசிக்கோ. பூவைச் சந்தையிலேயே வாங்கிட்டுப் போ.