பச்சைத் துணியா, நீலமா, துணியே வேண்டாமா?

வீட்டு ஹாலில் குறும்படம் எடுப்பவருக்குப் பின்னணியை மாற்ற இன்று நான்கு வழிகள் உண்டு: பச்சைத் துணி, நீலத் துணி, துணியே இல்லாமல் ஆளை வெட்டியெடுக்கும் ஏஐ செயலி, நடிகருக்குப் பின்னால் நிறுத்திய பெரிய டிவி. விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஃபிரேமுக்குள் என்னென்ன வரப்போகின்றன என்று முதலில் எழுதிப் பாருங்கள். பாதி முடிவு அதிலேயே கிடைத்துவிடும்.

பெரும்பாலான காட்சிகளுக்குப் பச்சைதான். வழக்கமான டிஜிட்டல் கேமராவின் சென்சாரில் பாதிப் பிக்சல்கள் பச்சைக்கு. சிவப்புக்கும் நீலத்துக்கும் கால் கால் பங்குதான். அதனால் பச்சை மற்ற இரண்டைவிடத் தெளிவாகப் பதிவாகிறது. மனிதத் தோலின் நிறத்திலிருந்தும் விலகி நிற்கிறது. ஆனால் காட்சியில் வாழையிலையோ மாவிலைத் தோரணமோ பச்சைப் பட்டுப்புடவையோ இருந்தால் அவையும் பின்னணியோடு கரைந்து போகும். கல்யாண வீட்டுக் காட்சி என்றால் நீலத்தை எடுங்கள். 1940-இல் வந்த ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ படத்தின் தந்திரக் காட்சிகளுக்கு லாரி பட்லர் நீலத்திரையைத்தான் பயன்படுத்தி ஆஸ்கர் வாங்கினார். நீலம் கூடுதல் வெளிச்சம் கேட்கும். ஜீன்ஸ் அணிந்த நடிகருக்கு உதவாது.

எந்த நிறமானாலும், துணியைவிட விளக்குக்குச் செலவு செய்யுங்கள். பளபளக்கும் சாட்டின் வேண்டாம். பளபளப்பில்லாத பருத்தித் துணியை இஸ்திரி போட்டு, நாலு பக்கமும் கிளிப் மாட்டி விறைப்பாக இழுத்துக் கட்டினால் போதும். துணிக்கென்றே இருபுறமும் ஒரே மாதிரி இரண்டு டியூப் லைட்; நடிகருக்குத் தனி விளக்கு. நடிகர் துணியிலிருந்து ஆறடியாவது தள்ளி நிற்க வேண்டும். கிட்டே நின்றால் அவர் நிழல் துணியில் விழும், துணியின் பச்சை அவர்மேல் விழும். எண்ணெய் தேய்த்த தலைமுடி, மல்லிகைப்பூ, வெள்ளை வேட்டி எல்லாம் அந்தப் பச்சையை வாங்கிக்கொள்ளும். எவர்சில்வர் டம்ளர் இன்னும் மோசம்: அதில் துணி பிரதிபலிக்கும் இடமெல்லாம் ஓட்டையாகி, பின்னணி தெரியும். ஆறடிக்கு இடமில்லாத அறையில் துணியை மறந்துவிடுவதே நல்லது.

கேமராவில் எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் லாக் செய்யுங்கள். ஷட்டர் வேகம் 1/100 வைத்தால் வீசும் கையின் விளிம்பு அவ்வளவாக மங்காது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு மினுக்குவதும் தவிரும். எடிட்டிங்கில் துணியின் நிறத்தை நீக்க டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில் உள்ள டெல்டா கீயர் தாராளம்.

துணியில்லாத ஏஐ வழி, உட்கார்ந்து பேசும் காட்சிக்குப் போதுமானது. எழுந்து நடந்தால், குடை விரித்தால், கூந்தல் காற்றில் பறந்தால் விளிம்பு ஃபிரேமுக்கு ஃபிரேம் துடிக்கும். கையிலிருக்கும் பொருள் திடீரென்று காணாமல் போய்த் திரும்பி வரும். முழு உருவக் காட்சிக்கு இதை நம்பி இறங்காதீர்கள்.

பலரும் யோசிக்காத வழி டிவி. ‘தி மாண்டலோரியன்’ தொடரில் (2019) பிரம்மாண்டமான எல்.இ.டி. சுவரை வைத்துச் செய்ததன் சிறிய வடிவம்தான் இது. இரவில் ஓடும் பஸ்ஸின் ஜன்னலோரம் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்றால் நான் தயங்காமல் டிவியைத்தான் வைப்பேன். ஜன்னல் கண்ணாடி, மெல்லிய துப்பட்டா, கலைந்த முடி என்று துணி முன்னால் படுத்தி எடுக்கும் எல்லாமே இங்கே உள்ளபடி பதிவாகும். மார்பளவு ஷாட்டுக்குத்தான் சரிவரும். டிவியை ஃபோகஸுக்கு வெளியே வைக்காவிட்டால் திரையில் வரிவரியாகக் கோலம் விழும். பின்னணி பிடிக்கவில்லை என்று பிறகு மாற்றவும் முடியாது.

எந்த வழியானாலும் பின்னணி வீடியோவை முதலில் எடுத்துவிடுங்கள். கேமரா தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருந்தது, வெயில் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மெரினாவில் மாலையில் கடலை நோக்கி எடுத்தால் வெயில் கேமராவின் முதுகுப்புறமிருந்து வரும். ஹாலிலும் நடிகரின் முக்கிய விளக்கு கேமரா பக்கமிருந்துதான் வர வேண்டும், கேமராவும் அதே உயரத்தில் நிற்க வேண்டும்.