கடைக்கு ஒரே பேரேடு: கணினிகளை இணைக்கும் முறை

சிராங்கூன் ரோட்டிலும் அதன் கிளைத் தெருக்களிலும் நம்மவர் நடத்தும் கடைகளில் கணினி இல்லாத கடை இன்று அரிது. கீழே கல்லாவில் ஒன்று, மாடியில் கணக்கர் மேஜையில் ஒன்று, முதலாளி கையோடு கொண்டுவரும் மடிக்கணினி ஒன்று. இவ்வளவும் இருந்தும், விலைப்பட்டியல் மட்டும் ஒரு சிறு தம்டிரைவில் ஏறிப் படிக்கட்டு வழியே நடந்து போய் வருகிறது. சில கடைகளில் அது வாட்ஸப்பில் பறக்கிறது. இரண்டினாலும் விளைவது ஒன்றேதான். ஒரு பட்டியல் மூன்று பட்டியலாகிவிடுகிறது.

நமக்கு நன்கு தெரிந்த ஒரு மளிகை மொத்தக் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். மாடியில் மிளகு விலையைத் திருத்தினார்கள். திருத்திய பட்டியல் கீழே வந்து சேரவில்லை. கல்லாவில் இருந்த தம்பி, தம் கணினியில் இருந்ததைப் பார்த்து, ஓர் உணவகத்துக்கு மூன்று வாரம் பழைய விலையிலேயே பில் போட்டுவந்தார். நஷ்டம் பெரிதல்ல. ஆனால் முதலாளிக்கு அந்தத் தம்பியின் மீது சந்தேகம் விழுந்துவிட்டது. ஊரிலிருந்து வந்த சொந்தக்காரப் பிள்ளை அவர். விசாரித்து உண்மை வெளிப்படுவதற்குள் மனம் நொந்து வேலையை விட்டுப் போய்விட்டார். தவறு அவர் மீது இல்லை, மாடியில் இருந்தவர் மீதும் இல்லை. பட்டியல் இரண்டாக இருந்ததுதான் தவறு.

முன்னாளில் பேரேடு கணக்கப்பிள்ளையின் மேஜையை விட்டு அசையாது. பார்க்க வேண்டியவர் அதனிடம் போவார். அதே ஏற்பாட்டைத்தான் கணினியிலும் செய்யவேண்டும். ஏடு ஓரிடத்தில் இருக்கட்டும்; மற்ற மேஜைகள் கம்பி வழியே அதனிடம் வரட்டும். இதற்கெனப் பெருஞ்செலவு தேவையில்லை. 1992-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட 'விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ்' காலம் முதல் இவ்வசதி சாதாரணக் கணினிகளிலேயே இருந்துவருகிறது.

முதலில் கம்பி. நம் கடைவீடுகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை, சுவரும் தடிப்பு. அஞ்சடிப் பக்கம் வைத்த ரௌட்டரின் வைஃபை பின்கட்டு மாடிக்கு எட்டும்போது மூச்சு வாங்குகிறது. ஆகையால் அசையாத கணினிகளுக்குக் கேபிளே உத்தமம். ஒரு கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். எந்தக் கடைவீட்டுக்கும் இது போதும். ரௌட்டரின் பின்புறத்துத் துளைகள் போதாவிட்டால் சிம் லிம் ஸ்குவேரில் ஒரு சிறிய சுவிட்ச் வாங்கிக்கொள்ளலாம். 'கிகாபிட்' என்று போட்டதையே கேட்டு வாங்குக.

அடுத்து, ஏடு இருக்கவேண்டிய கணினியைத் தேர்ந்தெடுத்தல். இதில்தான் பலர் தவறுகிறார்கள். மரியாதை கருதி முதலாளியின் மடிக்கணினியைத் தேர்ந்தெடுத்தால், அவர் ஜொகூர் போகும் நாளெல்லாம் கடை குருடாகிவிடும். கடை திறந்தது முதல் சாத்தும் வரை ஓடுகிற, இடத்தை விட்டு அசையாத கணினியே தகுதியானது. அது தானே உறங்கிவிடாதபடி மின்சார அமைப்பில் உறக்கத்தை நிறுத்திவிடுங்கள். ஆங்கில எழுத்தில், 15 எழுத்துக்கு மேற்படாமல், எளிய பெயர் ஒன்று அதற்குச் சூட்டுங்கள். எல்லாக் கணினிகளிலும் இணைப்பின் வகை 'பிரைவேட்' என்று இருத்தல் அவசியம். 'பப்ளிக்' என்றிருந்தால் விண்டோஸ் அக்கம்பக்கத்தாரை அந்நியராகக் கருதித் தன்னை மறைத்துக்கொள்ளும். பழைய குறிப்புகளில் 'ஹோம்குரூப்' என்று ஒரு வழி சொல்லியிருக்கும். அதனைத் தேடிக் காலம் போக்கவேண்டாம். 2018-இலேயே விண்டோஸ் 10-லிருந்து எடுத்துவிட்டார்கள்.

இனி, அந்தக் கணினியில் 'கடை' என்றொரு ஃபோல்டர் அமைத்து, அதனுள் விலை, சரக்கு, கணக்கு என மூன்று உள்ளறைகள் வையுங்கள். பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். யூனிகோடு வந்த பின் எந்தக் கணினியிலும் அவை சரியாகவே தெரியும். முன்பு அப்படியில்லை. அந்நாளில் தமிழைக் கணினிக்குக் கொண்டுவர உழைத்தவர்களுள் நம் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி அவர்கள் (மறைவு 1999) முக்கியமானவர். அவருடைய 'கணியன்' போன்ற பழைய எழுத்துரு முறைகளில் அடித்து வைத்த கடிதங்கள் உங்களிடம் இருப்பின், வேறு கணினியில் திறந்தால் எழுத்துக் குழம்பி நிற்கும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றிய பின் பொது ஃபோல்டரில் இடுக.

ஃபோல்டரைப் பகிரும்போது இரண்டு அனுமதிகள் குறுக்கிடும். 'ஷேரிங்' பக்கத்தில் ஒன்று, 'செக்யூரிட்டி' பக்கத்தில் ஒன்று. கடைக்கு அஞ்சடியில் இரும்புக் கதவும், உள்ளே அறைக்கதவும் இருப்பது போலக் கொள்க. கம்பி வழியே வருபவர் இரண்டையும் தாண்டவேண்டும். எது இறுக்கமோ அதுவே செல்லும். "அனுமதி கொடுத்தோம், ஆயினும் எழுத முடியவில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம், ஒரு கதவை மட்டும் திறந்து மற்றதை மறந்ததே.

யாருக்கு எது? கல்லாவில் இருப்பவருக்கு விலைப்பட்டியலைப் படிக்க மட்டும் அனுமதி போதும். சரக்கை அவர் எழுதலாம். கணக்கு, கணக்கருக்கும் முதலாளிக்கும் மட்டுமே. நாணய மாற்றுக் கடைக்காரர்கள் இதில் இன்னும் கவனமாயிருத்தல் வேண்டும். வாடிக்கையாளரின் பாஸ்போர்ட் நகல்கள் எல்லார் கண்ணிலும் படும்படி கிடந்தால், 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர் முதலாளியே.

ஆளுக்கொரு பெயரும் மறைச்சொல்லும் ஏடுள்ள கணினியில் பதிவு செய்யுங்கள். "நமக்குள் என்ன மறைச்சொல்?" என்று அதனை நீக்கிவிடுவோர் உண்டு. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பின் புரோ வகை, மறைச்சொல் இல்லாத பகிர்வுக்குள் போகவே மறுக்கிறது. கணினியைத் திறக்கும் நாலெழுத்துப் 'பின்' எண்ணும் இங்கே செல்லாது. முழு மறைச்சொல்லே கேட்கப்படும். இது தெரியாமல் அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களில் நாமும் சேர்த்தி.

பிறகு மற்ற மேஜைகளில், இரண்டு பின்சாய்கோடுகள் இட்டு அக்கணினியின் பெயரை அடித்தால் ஃபோல்டர் தெரியும். அதனை ஒரு டிரைவ் எழுத்தாக நிலைப்படுத்திவிட்டால் தினமும் தேட வேண்டியதில்லை. சாதாரண விண்டோஸ் ஒரே நேரத்தில் 20 இணைப்பு வரை ஏற்கும். நம் கடைகளுக்கு இது தாராளம்.

எல்லாம் முடிந்த பின்னும் ஒரு பழக்கம் காரியத்தைக் கெடுத்துவிடும். எக்ஸெல் பட்டியலை ஒருவர் திறந்து வைத்திருக்க, இன்னொருவர் திறந்தால், "வேறொருவர் உபயோகிக்கிறார், படிக்க மட்டும் திறக்கலாம்" என்ற அறிவிப்பு வரும். அவசரத்தில் அவர் வேறு பெயரில் நகல் சேமித்துத் தம் திருத்தத்தை அதில் எழுதுவார். அந்தக் கணமே பேரேடு மறுபடியும் இரண்டாகிவிட்டது. அப்போது செய்யவேண்டியது, மாடிக்கு ஒரு குரல் கொடுத்து, "அண்ணே, பட்டியலை மூடுங்கள்" என்பதுதான். கணக்கு மென்பொருளின் கோப்பை இம்முறையில் பலர் திறக்கவேண்டாம். அம்மென்பொருளே பலர் உபயோகத்துக்கு வழி வைத்திருந்தால் மட்டும் அவ்வழியில் போகலாம்.

ஒரே இடத்தில் வைத்தால் ஒரே அடியில் போகும் அபாயமும் உண்டு. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய 'வானாக்ரை' என்ற கிருமி, விண்டோஸின் பழைய பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாகவே கணினிக்குக் கணினி தாவியது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. 150 நாடுகள் வரை போயிற்று. இங்கே தியோங் பாரு பிளாசாவின் தகவல் திரையிலும் தோன்றிற்று. ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது, போடாதவர்களே அகப்பட்டார்கள். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் நின்றுவிட்டதென்பதையும் நினைவில் கொள்க. வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பவர்கள் விருந்தினர் வைஃபையைத் தனியே பிரித்துக் கொடுக்கவும். வீட்டிலிருந்து பார்க்கலாமென்று ரௌட்டரில் இந்தப் பகிர்வை இணையத்துக்குத் திறந்துவிடச் சொல்பவர் பேச்சைக் கேளாதீர்கள்.

வரி அதிகாரிகளுக்காக வியாபாரப் பதிவுகளைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்கவேண்டிய நாம், ஒரு டிஸ்கை நம்பியிருக்கலாகாது. இரண்டு வெளி டிஸ்குகள் வாங்குங்கள். ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் மற்றது என நகலெடுத்தவுடன் கழற்றி, ஒன்றை வீட்டில் வைக்கவும். செருகியே கிடக்கும் டிஸ்கையும் கிருமி பூட்டிவிடும். மாதம் ஒரு முறை அதை வேறொரு கணினியில் செருகி, விலைப்பட்டியல் திறக்கிறதா என்று பாருங்கள். நாம் பார்த்த ஒரு கடையில், ஆறு மாதமாக வீட்டுக்கும் கடைக்கும் போய்வந்துகொண்டிருந்த டிஸ்கில் இருந்தது 'கடை' ஃபோல்டர் அன்று. அதைத் திறப்பதற்காகத் திரையில் வைத்திருந்த குறுக்குவழிச் சின்னம் மட்டுமே.