திருப்புகழ் பாடும் குழுவுக்கு எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?

ஓம் சரவணபவ.

கிருத்திகை பஜனைக்கு ஸ்பீக்கர் வாங்கணும், எது நல்லதுன்னு நிறைய பேர் கேட்கிறீங்க. குமாரசாமிப்பேட்டையில் பெண்கள் வடம் பிடிக்கிற தைப்பூசத் தேர் மாதிரி பெரிய விழா என்றால் சவுண்ட் சர்வீஸ்காரரே பார்த்துக்கொள்வார். நான் எழுதுவது 50, 60 பேர் உட்காரும் மண்டபத்துக்கு. ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் பவர்டு ஸ்பீக்கர்தான் இதற்குச் சுலபம். தனிப் பெட்டி தூக்க வேண்டாம்.

கடையில் முதலில் வாட்ஸ்தான் சொல்வார்கள். "1000 வாட்ஸ் சாமி!" அது பெரும்பாலும் ஒரு நொடி உச்சக் கணக்கு. தொடர்ந்து எவ்வளவு தரும் என்கிற ஆர்எம்எஸ் கணக்கைக் கேளுங்கள். வாட்ஸ் இரண்டு மடங்கானாலும் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். ஆனால் திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கரிலிருந்து 1 மீட்டரில் 100 டெசிபல் என்றால் 8 மீட்டரில் சுமார் 82தான். முன்வரிசைக்குக் காது வலிக்கும், கடைசியில் உட்கார்ந்த பாட்டிக்கு ஒன்றும் புரியாது. அதனால் பெரிய பெட்டி ஒன்றைவிட, ஸ்டாண்டில் தலைக்கு மேலே ஏற்றிய சின்னப் பெட்டி இரண்டு மேல். கருங்கல் மண்டபத்தில் எதிரொலி அதிகம். ஸ்பீக்கரைச் சுவர் பக்கம் திருப்பாமல் ஜனங்களைப் பார்த்து லேசாகக் கீழே சாய்த்து வையுங்கள்.

நமக்கு முக்கியம் சொல் தெளிவு. அருணகிரிநாதர் நம்ம மாவட்டத்துத் தீர்த்தமலைக்கும் திருப்புகழ் பாடியிருக்கிறார். அந்தச் சந்தத்தின் உயிரே த, ட, ற என்று அடுக்கி வரும் மெய்யெழுத்துகளில்தான் இருக்கு. அவை கேட்பது சுமார் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பகுதியில். பேஸை ஏற்றினால் இவை அமுங்கி, பாட்டு வெறும் முழக்கமாகிவிடும். கடைக்காரர் "பேஸ் பாருங்க"ன்னு சினிமாப் பாட்டு போடுவார். போடட்டும். நீங்கள் உங்கள் மைக்கையும் பாடுகிறவரையும் கூட்டிப் போங்கள். அவர் வேகமான திருப்புகழ் ஒன்று பாடட்டும். அது தெரியாத ஒருவர் முப்பதடி தள்ளி நின்று காதில் விழும் சொற்களை எழுதட்டும். பாதிச் சொல் தவறினால் வேறு பெட்டி கேளுங்கள்.

குரல், ஆர்மோனியம், மிருதங்கம் என்றால் 10 அங்குலம் போதும். கீபோர்டு, தவில் எல்லாம் ஸ்பீக்கரில் வரணும் என்றால் 12. பம்பைக்கு மைக்கே வைக்காதீர்கள், ஊருக்கே கேட்கும்! மைக் செருக எத்தனை இடம் இருக்கு என்று எண்ணிப் பாருங்கள். பல பெட்டிகளில் இரண்டுதான். நான்கு பேர் பாடினால் சின்ன மிக்ஸரும் வேண்டும், அந்தக் காசையும் இப்போதே ஒதுக்குங்கள். பாதயாத்திரைக்கும் எடுத்துப் போவதானால் பேட்டரி உள்ளதாகப் பாருங்கள்.

மைக் எப்போதும் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கட்டும். முன்னால் போனால் "கீ..." என்று கத்தும். அப்போது எல்லாரும் ஆம்ப்ளிஃபயரைத் திட்டுவார்கள், பாவம் அது என்ன செய்யும்!

இன்னொன்று. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி ஒலிபெருக்கி வைக்க எழுத்தில் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் போடக் கூடாது. மார்கழி விடியற்காலை வீதி பஜனையை ஜால்ராவும் வாய்ப்பாட்டுமாகவே நடத்துங்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும், உடம்பு முடியாதவர்களும் அந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள்.

முருகா சரணம்.