ஒரே அமைப்பு, எல்லாக் கணினிக்கும்

கேள்வி: எங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கிளிநொச்சி, பரந்தன், பூநகரியில் கிளைகள் உண்டு. எல்லாக் கணினிகளிலும் தண்டர்பேர்டில்தான் மின்னஞ்சல் பார்க்கிறோம். யாராவது போர்ட்டை மாற்றிவிடுவார்கள். "மெயில் போகுதில்லை" என்று போன் வரும். நான் மோட்டார் சைக்கிளை எடுக்க வேண்டும். ஓரிடத்தில் இருந்தே அமைத்துப் பூட்டிவிட முடியாதா ஐயா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: முடியும், செலவும் இல்லை. தண்டர்பேர்ட் நிறுவிய இடத்தில் 'டிஃபோல்ட்ஸ்', அதற்குள் 'ப்ரெஃப்' என்ற கோப்புறை இருக்கும். அங்கே ஒரு சின்னக் கோப்பை வையுங்கள். அமைப்புகளை எழுதும் இன்னொரு கோப்பின் (அமைப்புக் கோப்பின்) பெயரையும் 'அப்ஸ்கியூர் வேல்யூ' பூச்சியம் என்பதையும் அதில் எழுதினால் போதும். பூச்சியத்தை மறந்தால், எழுத்துகள் 13 இடம் தள்ளி மறைக்கப்பட்டவை என்று நினைத்துக் குழம்பிவிடும். அமைப்புக் கோப்பை தண்டர்பேர்ட் நிரலுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். அதன் முதல் வரி வாசிக்கப்படாது. பலர் அரைநாள் தலையைப் பிய்ப்பது இதனால்தான். இரண்டாம் வரியில் தொடங்குங்கள்.

அந்தக் கோப்பில், உங்கள் இணையச் சேர்வரில் உள்ள ஒரு பொதுக் கோப்பின் முகவரியைக் கொடுக்கலாம். பிறகு மாற்றம் எல்லாம் அந்த ஒன்றில்தான். லைன் அறுந்தால் கடைசி நகலைப் பாவிக்கும்படியும் சொல்லி வைக்கலாம்.

'டிஃபோல்ட்ப்ரெஃப்' என்று எழுதியதைப் பயனர் மாற்றலாம். 'லாக்ப்ரெஃப்' என்றால் அந்தக் கட்டம் மங்கிப்போய் நிற்கும். சேர்வர் பெயர், போர்ட் (ஐமேப்புக்கு 993, அனுப்ப 465 அல்லது 587), பாதுகாப்பு முறை, உள்நுழையும் முறை ஆகிய நான்கையும் பூட்டினால் போதும். கையொப்பத்தையும் எழுத்தளவையும் பூட்டப் போனால் அலுவலகத்தில் சண்டைதான் மிஞ்சும். கடவுச்சொல்லை மட்டும் அங்கே எழுதாதீர்கள். யாரும் திறந்து வாசிக்கலாம்.

பழைய கணினிகளில்தான் கவனம் வேண்டும். கணக்குகளுக்கு 'சேர்வர்1', 'சேர்வர்2' என்று எண் உண்டு. ஒரு கணினியில் சேர்வர்1 மின்னஞ்சல் கணக்காகவும் இன்னொன்றில் லோக்கல் ஃபோல்டராகவும் இருக்கும். அப்படியே பூட்டினால் பூட்டு பிழையான கணக்கில் விழும். பழைய மடல்களை நகலெடுத்துவிட்டு, புதுப் புரொஃபைலில் தொடங்குங்கள். ஊழியர்களுக்கு விண்டோஸ் நிர்வாகி உரிமை இருந்தால் இவ்வளவும் வீண்.

இந்தப் பூட்டு சேர்வரைக் காக்காது. 2023 ஆகஸ்ட்டில் இலங்கை அரச மின்னஞ்சல்கள் மீது ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. சுமார் 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மடல்கள் மீளவில்லை. அந்தக் காலத்துக்கு வலையமைப்புக்கு வெளியே வைத்த நகல் இல்லை. வாரம் ஒருமுறை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, வயரைக் கழற்றி அலமாரியில் வையுங்கள்.