முதலில் பழைய தொகையைத் தேடு

தங்கச்சி, தேர்வில் செலவு எத்தனை விழுக்காடு கூடியது என்று கேள்வி வந்தால், பேனாவை எடுத்ததும் பழைய தொகைக்கு வட்டம் போடு. கூடிய தொகையைப் பழைய தொகையால் வகுத்து நூறால் பெருக்கு, அவ்வளவுதான்.

டீசல் விலையை எடுத்துக்கொள். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. கூடியது 1.20. அதை 2.15ஆல் வகுத்தால் ஏறக்குறைய 55.8 விழுக்காடு. அவசரத்தில் 3.35ஆல் வகுத்தால் 35.8 வரும். அதுவும் நாலு விடைகளில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். கேள்வி தயாரிக்கிறவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை!

மலாய்க் கேள்வியில் ‘கெபாடா’ என்றிருந்தால் அந்தத் தொகைக்கு ஏறியது. ‘செபான்யாக்’ என்றால் அவ்வளவு கூடியது.

சில கேள்விகள் தலைகீழாக வரும். 15 விழுக்காடு கூடிய பிறகு மளிகைச் செலவு 690 வெள்ளி, முன்பு எவ்வளவு? 690இல் 15 விழுக்காட்டைக் கழிக்காதே. அந்த 15, பழைய தொகையில் கணக்கிட்டது. 690ஐ 1.15ஆல் வகு: 600.

இப்போது நிறையப் பேர் சறுக்கும் இடம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 ஆனது. லூனாஸிலிருந்து கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் ஒரு அண்ணனுக்கு அந்தச் சம்பளம் என்று வை. ஈபிஎஃப் பிடித்தத்தை விட்டுவிடு. அவர் செலவு 1,200இலிருந்து 1,380 ஆகிறது. சம்பளம் 13.3 விழுக்காடு கூடியது, செலவு 15 விழுக்காடு கூடியது. ‘அப்போ மிச்சம் குறைஞ்சிடுச்சு’ என்று எழுதத் தோன்றும். வெள்ளியில் பார்: முன்பு மிச்சம் 300, இப்போது 320. சம்பளத்தின் விழுக்காடு 1,500இலிருந்து வந்தது, செலவின் விழுக்காடு 1,200இலிருந்து. அடித்தொகை வேறாக இருந்தால் விழுக்காட்டிலிருந்து விழுக்காட்டைக் கழிக்கவே கூடாது. வெள்ளிக்கு மாற்றிவிட்டுக் கழி.

இதை நீயே செய். 2024 மார்ச்சில் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. வரி வசூலிக்கும் கார் பட்டறையில் 100 வெள்ளி வேலை. வரி மட்டும் எத்தனை விழுக்காடு கூடியது? மொத்த பில் எத்தனை விழுக்காடு கூடியது? 33.3, 1.9 என்று வராவிட்டால் அக்காவுக்கு வாட்சப் பண்ணு.